கதவின் மேல் ஓடிய ரயில்

கொத்தனார் சுவிசேஷமுத்து 1861-இல் முக்கூடலில் பிறந்தவர். தென்காசி ரயில் பாதைக்கு ஏழு சிறு பாலங்கள் கட்டியவர். அவர் மனைவி சாலோமி ரயிலைப் பார்த்ததே இல்லை. அந்தப் பாதை வருவதற்கு முன்பே அம்மை நோய் அவள் கண்களைக் கொண்டுபோய்விட்டது. "ரயிலு எப்படி இருக்கும்?" என்று அவள் கேட்டால், "நீளமா இருக்கும்" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல வராது.

1909 ஆகஸ்டில் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சீமையிலிருந்து, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் வந்தது. வாத்தியார் சத்தியநேசன் அதை மேசையில் ஓட்டிப் பார்த்தார். பிள்ளைகள் சாய்ந்த மாத்திரத்தில் மேசை ஆடி, பெட்டிகள் கவிழ்ந்தன. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வரும் சபையாருக்கு ஓட்டிக் காட்ட, அதற்குள் அசையாத மேடை ஒன்று கட்டித்தரச் சொல்லிக் கொத்தனாரை அழைத்தார்.

"கட்டுதேன். ஓடும்போது சாலோமி தொட்டுப் பாக்கணும்" என்றார் கொத்தனார்.

ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம். செங்கல் முந்நூற்றுப் பதினான்கு. நடுவில் ஆற்றுமணலைக் கொட்டி இறுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசித் தேய்த்தார். எட்டு நாள் காய்ந்தது. நான்கு பேர் ஏறி நின்றும் மேடை அசையவில்லை.

பண்டிகைக்கு முந்தின மாலை, ரயிலோடு வந்த வட்டத் தண்டவாளத்தை மேடையில் வைத்துச் சாவி கொடுத்தார்கள். ரயில் பாதிச் சுற்றில் பறந்தது, மீதிச் சுற்றில் திணறி நின்றது. நான்கு முறையும் அப்படியே. வாத்தியார் ஒரு எலுமிச்சம்பழத்தை மேடையில் வைத்தார். அது கிழக்கே உருண்டு கீழே விழுந்தது.

"என்னவே கொத்தனாரே, ரயிலு மேல மழை பெய்யும்னு நினைச்சீரா? தண்ணி வடிய வாட்டம் வச்சிருக்கீரே!"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். முப்பது வருஷம் பாலமும் மாடித்தளமும் கட்டிய கை, கேட்காமலே கிழக்குப் பக்கத்தை அரை அங்குலம் இறக்கிவிட்டிருந்தது.

"இன்னொரு பூச்சு பூசினா மட்டமாயிரும்."

"காய எத்தனை நாளாகும்?"

"எட்டு."

"பண்டிகை நாளைக்கு வே! நிறுத்தி வச்சே காட்டிருவோம்."

கொத்தனார் வீட்டுக்கு நடந்தார். சாலோமி மறுநாளைக்கான வெள்ளைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கொஞ்சம் தள்ளி நில்லு."

"கதவையா கழத்துதீங்க? எதுக்கு?"

"எண்ணெய் போடணும்."

"தூக்கிட்டுப் போயா எண்ணெய் போடுவாவ?"

பூவரசங்கதவு மேடையில் ஏறியது. தாழ்ந்த பக்கத்தில் கதவுக்கு அடியில் பனஞ்சிராய் நான்கை ஆப்பாகச் செருகினார். மட்டம் பார்க்க மேலே வைத்த ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. வீட்டு வாசலில் அன்று ஓலைப்பாய்தான் தொங்கியது.

காலையில் வாத்தியார் சாலோமியின் கையைப் பிடித்து மேடையில் வைத்தார். அவள் விரல் முதலில் தாழ்ப்பாள் துளையில் பட்டது.

"எண்ணெய் போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றார் கொத்தனார்.

சாவி கொடுத்ததும் ரயில் கிளம்பியது. அதன் முதுகில் இரண்டு விரலை வைத்தபடி அவளும் மேடையைச் சுற்றி நடந்தாள். ரயில் எங்கும் திணறவில்லை. ஐந்தாவது சுற்றில் அவள் சிரித்துவிட்டாள்.

"நீளமா இருக்கும்னுல்லா சொன்னீங்க? இது வட்டமால்லா போகுது!"

கொத்தனார் மறுபடியும் சாவியை முறுக்கினார்.