அத்தை போட்ட வழக்கு

அம்மா இறந்த மாதமே அப்பா என்னைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, "லோடு எறக்கிட்டு வந்து கூப்டுக்கறேன்" என்று சொல்லி லாரியில் ஏறிப் போனார். அந்த லோடை இறக்க அவருக்கு ஐந்து வருடம் பிடித்தது.

1991இல் ஒரு நாள் சுங்குவார்சத்திரத்தில் அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்கு ஒன்பது வயது. சிவப்பு கவுனும் பிளாஸ்டிக் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வந்திருந்ததால் அவரை உடனே பிடித்துப்போயிற்று. கண்ணாடியைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத் திரும்பியபோது உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது.

வேலூர்ப் பக்கம் அவருக்கு வேறு குடும்பம் ஆகியிருந்தது. அங்கே கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோதுதான் என் நினைவு வந்திருக்கிறது.

"இஸ்கூல நிறுத்திட்டு தொட்டில் ஆட்டவா இவள கூப்புட்ற? அனுப்ப மாட்டேன்" என்றாள் அத்தை.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து பெரியப்பா வந்து அவளை அதட்டினார். "பெத்தவன் கேக்கறான். குறுக்க நிக்க நீ யாரு?"

"அத கோர்ட்டு சொல்லட்டும்ண்ணா."

அண்ணன்மார் அதட்டினால் அடங்கிப்போகிறவள்தான் அத்தை. அன்று அடங்கவில்லை. மாமா மறுநாளே வக்கீலைத் தேடிப் போனார்.

அத்தைக்குத் தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் துலக்கும் வேலை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவாள். எனக்கு ஜன்னல் சீட்டும் கோலி சோடாவும் கிடைத்தன. வழக்கு நீண்டுகொண்டே போனால் நல்லது என்றுதான் இருந்தது.

அப்பாவின் வக்கீல் அத்தையைக் கேட்டார்: "கூடப்பொறந்த அண்ணன் மேலயே கேஸ் போட்டிருக்கியேம்மா, நல்லாவா இருக்கு?"

அத்தை நீதிபதியைப் பார்த்துப் பேசினாள். "என் அண்ணன் இல்லன்னு நான் சொல்லலீங்க ஐயா. இவ மஞ்சக்காமாலைல கெடந்தப்போ மூணு தபா ஆள் அனுப்பினேன். வரல. செத்தாளா பொழச்சாளான்னு கூட கேக்கல. பேருக்கு மட்டும் அப்பனா இருந்தா போதுமாங்க?"

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.

நீதிபதி என்னைத் தன் அறைக்கு அழைத்து, யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்டார்.

"அப்பா வூட்டுக்குப் போறேன். ஆனா சாயங்காலம் அத்தை வந்து கூப்டுக்கினு வரணும்."

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பெற்றவரின் கடமைகளை இத்தனை வருடம் கைவிட்டவருக்கு இப்போது உரிமை கோர இடமில்லை, இனி அத்தையே எனக்குப் பாதுகாவலர் என்று தீர்ப்பாயிற்று. வராந்தாவில் அப்பா என் தலையைத் தடவிவிட்டு நடந்தார்.

"அண்ணா, ஒரு வாய் சாப்ட்டுப் போண்ணா" என்று அத்தை கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த பொங்கலன்று அத்தை விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். வருடா வருடம் பெரியப்பா கரும்பும் மஞ்சள்கொத்தும் புதுப் புடவையுமாகத் தங்கைக்குப் பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவருவார். மத்தியான பஸ்ஸும் போய்விட்டது; அவர் வரவில்லை.

"யார பாக்கற அத்த?"

"யாருமில்ல. நீ துன்னு."

என்னை வைத்துக்கொள்வதற்காக அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பொங்கலில் இனிப்புப் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் வெல்லம் கேட்டேன். எழுந்து போய் எடுத்து வந்தாள்.