நான் எழுதிய புகாரும் உப்பில்லாத சோறும்

ஆறு வாரத்துக்குள் ரத்த அழுத்தம் இறங்காவிட்டால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள் கம்பெனியில். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உயரமான கட்டடங்களில் ஏசி பொருத்தும் வேலை. வருடாந்திர மெடிக்கலில் மேலே நூற்றெழுபது, கீழே நூற்றுப்பத்து. மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டிப்ளமோ வரை படித்தேன். என் சம்பளத்தில்தான் தங்கை அப்போது நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பினால் அவளும் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். அன்று துபாய் பக்கம் அஜ்மானில் இருந்த எங்கள் தொழிலாளர் கேம்புக்குத் திரும்பும் பஸ்சில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மாத்திரை தந்த சிஸ்டர், “உப்பு எவ்வளவு சேர்ப்பீங்க?” என்று கேட்டிருந்தார். கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அம்மா வருகிறவர்கள் கையிலெல்லாம் சாளைக் கருவாடும் ஊறுகாயும் கொடுத்தனுப்புவாள். ரூமில் நாங்கள் நாலு தமிழர்கள் ஒரே மெஸ். எனக்காக உப்பைக் குறைக்கச் சொன்னேன். எங்களில் மூத்தவரான செல்வம் அண்ணன் சிரித்தார். “மக்கா, நாங்க என்ன ஆஸ்பத்திரியிலா கிடக்கோம்?”

அந்த ரூமில் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். பெயர் எலியா. வெல்டர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய தாத்தா ஜமைக்காவிலிருந்து எத்தியோப்பியாவில் போய்க் குடியேறியவர். குடும்பமே ரஸ்தபாரி என்ற சமய வழியில் நடப்பவர்கள். நம் வேதத்தில் வருகிற நசரேய விரதத்தைப் போல முடி வெட்டுவதில்லை. சடை சடையாகத் திரித்த கூந்தலைச் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கம்பளித் தொப்பிக்குள் சுருட்டி வைத்திருப்பார். இறைச்சி கிடையாது. உப்பும் கிடையாது. படைத்தவர் தந்தபடியே உண்ண வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். விடிந்ததும் ஒரு திருப்பாடலை வாய்விட்டு வாசிப்பார். அது எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது.

செல்வம் அண்ணன் அவரைச் சடைச்சாமி என்பார். “கஞ்சா கேசு மக்கா. போலீசு வந்தா நம்மளையும் சேத்துத்தான் அள்ளிட்டுப் போவான். நீதானே படிச்சவன், ஒரு கம்ப்ளெயிண்டு எழுது.”

அவரிடம் அப்படி எதையும் நாங்கள் பார்த்ததில்லை. இந்த நாட்டின் சட்டத்துக்கு நான் கட்டுப்பட்டவன் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனாலும் நான் எழுதினேன். அவரை வேறு ரூமுக்கு மாற்றும்படி, நல்ல ஆங்கிலத்தில், ஒரு பக்கம். நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். கேம்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸிடம் நானே கொடுத்தேன். அன்று ஆண்டவரிடம் இரண்டு விண்ணப்பம் வைத்தேன். என் ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். இந்த மனிதர் ரூமைவிட்டுப் போக வேண்டும்.

மறுநாள் மாலை டியூட்டி முடிந்து வெறும் தயிரும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தேன். எலியா என் கட்டிலில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“உப்பு மாஃபி, பாய். சாப்பிடு.” கேம்ப் பாஷையில் மாஃபி என்றால் இல்லை.

சிவப்புப் பயறும் பூசணியும் தேங்காய்ப்பாலில் வெந்திருந்தன. பச்சை மிளகாய் மணத்தது. முதல் வாய் மண் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பயறுக்கென்று ஒரு ருசி இருப்பது தெரிந்தது. தவக்காலமும் அந்த வாரம்தான் தொடங்கியது. நாற்பது நாளும் அவர் பானையிலேயே சாப்பிட்டேன். மாத்திரையையும் விடவில்லை. காலையில் அவர் ஆங்கிலத்தில் வாசிக்கும் திருப்பாடலை நான் தமிழில் வாசித்தேன். செல்வம் அண்ணன், “ரெண்டாவது சடையும் முளைக்கப் போகுது” என்றார்.

நான்காவது வாரம், விடுமுறை நாளில் அவருடைய கூட்டத்தார் மூன்று பேர் வந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். நடுவில் ஒரே பானை. தலைவர் என்று யாருமில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். காலித் தண்ணீர் கேன்களைக் கவிழ்த்து, நெஞ்சு துடிக்கிற மாதிரி மெதுவாகத் தட்டிக்கொண்டு செபித்தார்கள். எத்தியோப்பியாவின் பழைய பேரரசரைக் கடவுளின் வெளிப்பாடு என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அதை அவர்களிடமே சொன்னேன், அவர்கள் கோபப்படவில்லை. ஆனால் ‘நான்’ என்று சொல்லும்போதும் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்தே சொல்வது அவர்கள் வழக்கம். எனக்காக எலியா செபித்தபோது, நம்முடைய ரத்த அழுத்தம் இறங்க வேண்டும் என்றார். என் நோயைத் தன் நோய் என்று சொன்னவரை அதுவரை நான் கண்டதில்லை.

ஆறாவது வாரம் மறுபடியும் மெடிக்கல். சிஸ்டர் இரண்டு முறை அளந்தார். நூற்று இருபத்தெட்டு, எண்பத்திரண்டு. வேலைக்குத் தகுதி என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நேராகக் கேம்ப் பாஸிடம் போனேன். அந்தக் கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். அவர் மேசையைத் துழாவியெடுத்து நீட்டினார். வேறு கட்டில் காலியில்லாததால் கிடப்பில் கிடந்ததாம். “நீ கொடுத்த அன்றே அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுக்கப் படித்தான். மடித்துத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டான்” என்றார்.

கொடுத்த அன்றே. தட்டு வந்தது அதற்கு மறுநாள்.

அன்று மாலை எலியா பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இங்கிலீஷ் நல்லா இருக்கு, பாய்” என்றார். பிறகு என் கையில் ஒரு கத்தியைத் தந்தார். “வெங்காயம் நறுக்கு.”

சகோதர சகோதரிகளே, நான் கேட்ட இரண்டில் ஒன்றை ஆண்டவர் தரவில்லை. அதைத் தந்திருந்தால் மற்றது எனக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கடிதம் இப்போது என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. இப்போது யாரைப் பற்றியும் எதையும் எழுதுமுன் அதை ஒருமுறை பிரித்துப் படிக்கிறேன். தங்கைக்கு இது கடைசி ஆண்டு. நீங்களும் உங்கள் கஷ்டத்தை நம்பிக்கையோடு ஆண்டவரிடம் சொல்லுங்கள். யாரையாவது உங்கள் பக்கத்திலிருந்து விலக்கச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தால், அதை மட்டும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். முதலில் அந்த மனிதரின் பானையில் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள்.