நாத்தனார் நட்ட விறகு

மைக்கம்மாவின் வாய்க்கு ரயில்வே சம்பளம் கொடுத்தது. வேறு யாராவது அவ்வளவு பேசியிருந்தால் வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார்கள். இவளுக்கு இப்போது ஓய்வூதியம் வருகிறது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்று மைக்கில் அறிவிக்கும் வேலை, பெயரும் அதனால் வந்ததுதான். ஜன்னலே இல்லாத அந்த அறையில்தான் அவளுடைய மதியங்கள் எல்லாம் கழிந்தன, ஆறிப்போன டப்பாச் சாப்பாட்டோடு. ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து அவள் விட்ட ஏப்பம் எல்லா நடைமேடைகளிலும் முழங்கியது. வண்டிதான் வருகிறது என்று நினைத்து இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்றபின் அவளுக்கு ஒரே ஆசைதான். வெட்டவெளியில், விறகு நெருப்பில் வாட்டிய கோழியைக் கை பொறுக்காத சூட்டில் தின்னவேண்டும். கொல்லையில் நின்ற மரம் செத்தபோது அந்த ஆசைக்கு உயிர் வந்தது.

ஊரிலிருந்த மரமெல்லாம் துளிர்த்தபோது இது மட்டும் மொட்டையாக நின்றது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். பச்சை தெரியவில்லை, வறண்ட பழுப்புதான். ஒரு கிளையை வளைத்தாள், பட்டென்று முறிந்தது.

"மரம் காலி!" என்று அறிவித்தாள். அடுத்த தெருவுக்கும் கேட்டது.

மாடியிலிருந்து நாத்தனார் தடதடவென்று இறங்கி வந்தாள். மரம் அவளுடையது. கட்டியவனோடு ஒத்துப்போகாமல் தம்பி வீட்டுக்கு வந்த அன்று, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் இந்தக் கன்றுமாக வந்து நின்றவள். வழியில் ஒரு நாற்றுக்காரன், "அருமையான பழம் காய்க்கும்" என்று அவள் தலையில் கட்டியது அது. என்ன பழம் என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எருவும் தண்ணீரும்தான், போதாததற்கு அடிமரத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் வேறு. வருஷம் தவறாமல், "அடுத்த வருஷம் பாரு, காய்ச்சுத் தள்ளும்" என்பாள். மரம் பூத்தது, உதிர்ந்தது, கொல்லையைக் குப்பையாக்கியது. காய்க்க மட்டும் இல்லை.

"சாகல. தூங்குது," என்றாள் நாத்தனார்.

"அண்ணி, நம்ம வீட்ல தூங்குனா குறட்டை வரும். இதுக்கு மூச்சே இல்ல."

"கோழி திங்கணும்னு என் மரத்தக் கொல்லப் பாக்கற."

"நான் எங்க கொன்னேன்? அதுவாப் போய்ச் சேந்துடுச்சு. அடக்கத்த மட்டும் நான் பாத்துக்கறேன்."

மைக்கம்மாவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அக்காளுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இத்தனை காலம் மாட்டிக்கொண்டும் புத்தி கலங்காமல் இருக்கிறார் என்றால் அது பெரிய விஷயம். "ரெண்டு பேர் சொல்றதும் தெளிவாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தார்.

அதற்குள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார். "என்ன மரம்னு தெரியாம அதுல சமைச்சிடாதீங்க. அரளி மாதிரி சிலதுக்குப் புகையே விஷம்."

நாத்தனார் முகம் மலர்ந்தது. ஆனால் சும்மா விடுகிற ஆளா மைக்கம்மா? ஏணி போட்டு ஏறி, கூரைத் தகரத்தின் தண்ணீர்க் குழாயில் அடைத்துக் கிடந்த பழைய இலைகளை வாரிக்கொண்டு இறங்கினாள். ஒன்று இதய வடிவில் இருந்தது. இன்னொன்று விரல் விட்ட கையுறைபோல் பிளவுபட்டிருந்தது.

"இது ரெண்டு மரத்து இலை. உனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் நாத்தனார்.

கணவர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து இரண்டையும் பார்த்தார். "நரம்பு ஒரே மாதிரி ஓடுது, ஓரத்துப் பல்லும் ஒண்ணுதான். ஒரே மரந்தான்." அக்காள் முறைத்த முறைப்பில் கண்ணாடியோடு உள்ளே போய்விட்டார்.

கிளையை அறுத்தபோது உள்ளே மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. இலைகளையும் அந்தத் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு மைக்கம்மா கல்லூரிக்குப் புறப்பட்டாள். மரத்துக்குப் பரிந்து பேச ஆள் வேண்டும் என்று நாத்தனாரும் கூடவே கிளம்பினாள்.

தாவரவியல் பேராசிரியை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மென்றபடியே துண்டைத் திருப்பிப் பார்த்தார். "இலையக் கிள்ளினா பால் வருமா?"

"வரும். பூ கம்பளிப்பூச்சி மாதிரி தொங்கும்," என்றாள் நாத்தனார், பிள்ளையின் சமர்த்தைச் சொல்வதுபோல.

"அப்ப மல்பெரிதான். பட்டுப்புழு திங்குமே, அதே இலை. ஒரே மரத்துல ரெண்டு மூணு தினுசா வரும்."

"புகை?" என்றாள் மைக்கம்மா.

"விஷமில்ல. பெயிண்ட் அடிச்சது, பூஞ்சை புடிச்சது மட்டும் வேணாம். நல்லாக் காயவிடுங்க. பொறி பறக்கும், பாத்துக்கோங்க."

"அப்ப ஏன் காய்க்கவே இல்ல?" நாத்தனாரின் குரல் இறங்கியிருந்தது.

"ஆண் மரமா இருக்கும்மா. பூக்கும். அதோட சரி. அதால முடிஞ்சது அவ்வளவுதான்."

திரும்பும்போது பேருந்தில் நாத்தனார் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஒருத்தன் வேணாம்னுதான் வீட்டவிட்டு வந்தேன். வர்ற வழியிலயே இன்னொருத்தனக் கையோட புடிச்சுட்டு வந்திருக்கேன். எரு வேற போட்டிருக்கேன்!"

மைக்கம்மாவுக்கு அடக்க முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் நடத்துனர் விசிலை ஊத மறந்தார். நாத்தனார் முறைத்தாள். பிறகு அவள் தோளும் குலுங்கத் தொடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது முழுக்கச் சிரிப்புக்கண்ணீர்தான் என்று மைக்கம்மாவால் சொல்ல முடியவில்லை. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே ஆள வரச்சொல்லி வெட்டு," என்றாள் நாத்தனார்.

வெட்டினார்கள். பெயிண்ட் அடித்த அடித்துண்டை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பிளந்து, காற்றுப் புகும்படி சார்ப்புக்குக் கீழே அடுக்கினார்கள். மைக்கம்மா அடிக்கடி போய் காய்ந்துவிட்டதா என்று இரண்டு துண்டுகளை எடுத்து மோதிப் பார்ப்பாள். மாதக்கணக்கில் 'தொத்' என்றே சொன்ன விறகு ஒருநாள் 'டங்' என்றது.

அன்றே செங்கல் அடுக்கி, இரும்பு வலை போட்டு, தீ மூட்டியாயிற்று. நாத்தனார்தான் தீக்குச்சியைக் கிழித்தாள். கொஞ்சமும் தயங்கவில்லை. மைக்கம்மாவுக்கு எங்கே பொறுமை? கொழுந்துவிட்டு எரியும்போதே கோழியை வைத்துவிட்டாள். மரம் படபடவென்று வெடித்தது. ஒரு பொறி கணவரின் சட்டையில் ஓட்டை போட்டது. கோழி வெளியே கரியாகி, உள்ளே ரத்தமாக வந்தது.

"தள்ளுடி அவசரக்குடுக்கை. இவனுங்க மொதல்ல இப்படித்தான் குதிப்பானுங்க. அடங்கட்டும்." நாத்தனார் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சுவாலை தணிந்து சாம்பல் பூத்த தணலானதும், அதைப் பரப்பி இரண்டாவது கோழியை வைத்தாள். நிதானமாகப் புரட்டினாள். கொழுப்பு சொட்டச் சொட்ட எழுந்த இனிப்பான புகைக்கு மருந்துக்கடைக்காரரின் தலை மறுபடி மதில்மேல் முளைத்தது.

"மீன் ஒண்ணு இருக்கு, கொண்டு வரட்டுமா?"

"விஷம்னு சொன்னீங்களே?"

"விசாரிச்சுட்டேன். இல்லையாம்."

முதல் தொடைக்கறியை நாத்தனார் பிய்த்து மைக்கம்மாவின் தட்டில் வைத்தாள். அவள் ஊதாமல் கடித்தாள். நாக்கு வெந்துபோனது. கண்ணில் நீர் வழிய, வாயைத் திறந்து மூடி, கையை உதறி, மறுபடி கடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் கணவர்.

மைக்கம்மா எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.