ஹம்மில் தொங்கிய கொடி

எங்கள் பல்கலைக்கழகச் சதுர நடன கிளப்பின் கொடி ஜெர்மனியின் ஹம் நகரத்து கிளப்பின் சுவரில் தொங்கிய காலத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது பொய். நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் ரோஷம் இருந்தது.

கொடியை அவர்கள் களவெடுக்கவில்லை. இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒரு கிளப்பிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து இன்னொரு கிளப்பின் வாராந்த ஆட்டத்துக்குப் போய் ஆடினால், அங்குள்ள கொடியைக் கழற்றிக்கொண்டு வரலாம். பறிகொடுத்தவர்கள் எட்டுப் பேராகப் போய் ஆடித்தான் மீட்க வேண்டும். ஹம்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்கள், எங்கள் கேக்கை ஒரு பிடி பிடித்தார்கள், கொடியோடு ரயிலேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்களில் சிலர் படிப்பை முடித்து வேறு ஊர்களுக்குப் போனார்கள். மிஞ்சியது ஏழு பேர்.

செவ்வாய் மாலைகளில் ஹனோவரில் பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்தில் கூடுவோம். நான்கு சோடிகள் சதுரத்தின் நான்கு பக்கத்திலும் நிற்க வேண்டும். பாட்டு ஓட, அழைப்பவர் ஒலிவாங்கியில் ஒவ்வொரு அசைவாக ஆங்கிலத்தில் கூவுவார். அடுத்து என்ன வரும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் பிழையாகத் திரும்பினால் எட்டுப் பேரும் சிக்குப்பட்டு, சதுரம் உடைந்துவிடும். நாங்கள் எட்டாவது இடத்தில் ஆள் இருப்பதாகப் பாவனை செய்து, காற்றுக்குக் கைகொடுத்து ஆடினோம். நத்தார்ப் பண்டிகை ஆட்டத்துக்கும் அப்படித்தான், மாசியில் மாறுவேட ஆட்டத்துக்கும் அப்படித்தான். கடற்கொள்ளைக்காரி வேடத்தில் காற்றைச் சுற்றி ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவமானம் தெரியும்.

பல நகரத்து கிளப்புகள் கூடும் பெரிய ஆட்டங்களில் ஹம்காரர் என்னைக் கண்டால், “உங்கள் கொடி சுகமாக இருக்கிறது” என்பார்கள். பகிடிதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நேரத்தில்தான் அம்மா உளவு பார்க்க வந்தார். மகள் பெடியன்களின் கையைப் பிடித்து ஆடுகிறாள் என்று தமிழ்க் கடையில் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். ஐப்பசியில் புதியவர்களுக்காக நடக்கும் அறிமுக மாலைக்கு, ஒரு தட்டு ரோல்ஸோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். எங்கள் அழைப்பவர் ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர். வெறும் இடத்தைக் கண்டால் பொறுக்கமாட்டார். அம்மாவைக் கையோடு கூட்டிவந்து எட்டாவது இடத்தில் நிறுத்திவிட்டார். “ஐயோ, எனக்கு ஏலாது” என்றார் அம்மா. ஆனால் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது கேட்டார்:

“அடுத்த செவ்வாயும் இருக்கோ?”

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “இந்த வயசிலை என்ன ஆட்டம்? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?”

“அவைக்கு என்னைப் பாக்கவே நேரமில்லை. நீங்கள் கறியைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ.”

குளிர்காலம் முழுவதும் அம்மா புதியவர்களுக்கான வகுப்புக்கு வந்தார். வகுப்பை முடித்தால்தான் எட்டில் ஒருவராகக் கணக்கு. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து, வெங்காய வாசத்தோடு நேரே மண்டபத்துக்கு வருவார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. கூவும் சத்தத்தைக் காதில் வாங்கி, அதற்கு உடம்பைத் திருப்பினார். எனக்கோ வேறு வியாதி. சின்ன வயதில் சனிக்கிழமை தவறாமல் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளை நான். ஓர் அடவை இரண்டு தரம் ஆடினால் மூன்றாம் தரம் கால் தானாகப் போகும். “நீ கேட்டு ஆடவில்லை, மனப்பாடத்தில் ஆடுகிறாய்” என்று அழைப்பவர் சலிக்காமல் திட்டுவார்.

வைகாசியில் அம்மா வகுப்பை முடித்தார். ஹம்காரர் ஆடுவது வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு ஹம் என்றால் அங்குள்ள அம்மன் கோயில்தான். “மத்தியானப் பூசை பாத்துப்போட்டு ஆடப் போவம்” என்று அவரே திட்டம் போட்டார். ரயிலில் அவர் கையில் ஒரு சின்னப் பைதான் இருந்தது.

“ரோல்ஸ் செய்யேல்லையோ அம்மா?”

“நான் ஆட வாறன் பிள்ளை. கடை போட வரேல்லை.”

இந்த நாட்டில் என் பள்ளிக்கூட விழா தொடங்கிப் பக்கத்து வீட்டுக்காரரின் பிறந்தநாள் வரை, அம்மா தட்டோடு போய் மேசைக்குப் பின்னால் நின்றவர். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. எதிரே ஜெர்மன்காரர் இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஹம்காரர் ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஒரு முழுச் சுற்று, சதுரம் உடையாமல். அவர்களின் அழைப்பவர் கெட்டிக்காரி. மெல்லத் தொடங்கி, போகப் போக வேகத்தைக் கூட்டினார். கடைசிப் பாட்டில் ஒரே கோர்வையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். என் கால் அதைப் பிடித்துக்கொண்டது. அடுத்த தரம் அவர் அதை மாற்றிக் கூவியபோது நான் ஏற்கெனவே வலப்பக்கம் திரும்பிவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எதிரே வந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

“இஞ்சாலை வாடி!”

மண்டபம் முழுக்கக் கேட்டது. அடுத்த கூவலுக்கு நான் என் இடத்தில் இருந்தேன். பாட்டு முடிந்தபோது நான்கு சோடிகளும் தொடங்கிய இடத்தில் நின்றோம், சதுரம் உடையவில்லை. நான் துள்ளினேன், கத்தினேன். எங்களோடு வந்திருந்த இரசாயன ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக வகுப்பை முடித்தவர்தான் கொடியைக் கழற்ற வேண்டும் என்றார் ஹம் தலைவர். கதிரையை அவரே பிடித்துக்கொள்ள, அம்மா ஏறிக் கழற்றினார். சேலை மடிப்பது போல மடித்துக் கக்கத்தில் வைத்தார். தலைவர் சிரித்தபடி, சீக்கிரம் ஹனோவருக்கு வந்து அதைத் திரும்பவும் எடுப்போம் என்றார்.

நெற்றியில் திருநீற்றோடு அம்மா கதிரையில் நின்றபடியே, சமையலறையில் ஆட்களை வேலை ஏவும் அதே ஜெர்மனில் பதில் சொன்னார்:

“எட்டுப் பேராக வாருங்கள். ஏழு பேராக வந்தால் தேநீர் மட்டும்தான்.”