நான் ஊதாத விசில்

பெரம்பலூர் பழைய பஸ் நிலையத்தில் ஒரு காலை வண்டி நகரவே இல்லை. விசில் கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பில் ஓட்டுநர் செல்வத்தைத் திட்டினேன். "ஏன்டா நிக்கிற?"

"நீங்க எங்கண்ணே ஊதுனீங்க?" என்றான்.

விசில் என் கையிலேயே இருந்தது. சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

பெரம்பலூர்–அரியலூர் தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருடமாக நடத்துநர் நான். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. அடுத்த வாரம், பேரளியில் இறங்க வேண்டிய ஓர் அம்மாவுக்காக ஊதியதாகவே நினைத்தேன். ஊதவில்லை. ஓடும் வண்டியிலிருந்து இறங்கப் போனவரைப் பக்கத்தில் நின்றவர் பிடித்து இழுத்தார். முதலாளி அதிகம் பேசவில்லை. "காத சரி பண்ணிட்டு வேலைக்கு வாங்க" என்றார்.

மருத்துவர் ஆடியோகிராம் (எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு, டினிடஸ் (வெளியே ஒலி இல்லாமலே காதில் கேட்கும் இரைச்சல்) என்றார். அடியோடு நிறுத்த மருந்து இல்லை, திருச்சியில் புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், விருப்பமிருந்தால் சேரலாம் என்றார். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு வாரம் மாத்திரை. பாதிப் பேருக்கு அசல் மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை (பார்வைக்கு அதேபோல் இருக்கும், உள்ளே மருந்து இருக்காது). யாருக்கு எது என்று கொடுக்கிற மருத்துவருக்கே தெரியாது. தினமும் சாயங்காலம், சத்தம் பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுத வேண்டும்.

மனைவி மல்லிகா காபியோடு வந்து கேட்பாள். "இன்னிக்கு எத்தனைங்க?"

ஏழு. மறுநாளும் ஏழு. மூன்றாம் வாரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு "நாலு" என்றேன். தாளில் ஏழு என்றுதான் எழுதினேன். ஒரு முறை சொன்ன பிறகு தினமும் நாலு என்றே சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்கு வந்தது வெற்று மாத்திரைதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படியானால் அசல் மருந்து எனக்கு இன்னும் மிச்சமிருக்கிறதே. அந்த நினைப்பில்தான் தூங்கினேன்.

சில மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். "உங்களுக்குக் கெடச்சது அசல் மருந்துதாங்க" என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். "எதிர்பார்த்த அளவுக்கு யாருக்கும் வேலை செய்யல. இதோட நிறுத்துறாங்க."

"சரிங்க டாக்டர்" என்றேன். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. திரும்பும்போது பாடாலூர் எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. ஊர் ஊராக நேரம் பார்த்தே பிழைத்தவன் நான்.

செல்வம் முதலாளியிடம் பேசி வேலையைத் திரும்ப வாங்கித் தந்தான். இப்போது விசில் கிடையாது. உள்ளங்கையால் வண்டியின் தகரத்தில் தட்டுகிறேன். ஒன்று நிற்க, இரண்டு போக. தட்டினேனா என்று சந்தேகம் வந்தால் கையைப் பார்த்துக்கொள்கிறேன், சிவந்திருக்கும். காதை நம்புவதில்லை. இதே சத்தத்தோடு இதைப் படிக்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற மருந்து இவ்வளவுதான்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் மல்லிகா கேட்டாள். "இன்னிக்கு எத்தனைங்க?"

"ஏழு" என்றேன். "எப்பவுமே ஏழுதான் மல்லிகா."

"தெரியுங்க. அந்தத் தாள நான்தான தெனமும் எடுத்து வெச்சேன்" என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."