சனிக்கிழமை மாத்திரை

அம்மாவைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பத்து வயதில் நான் செய்த காரியத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அப்போது எனக்கு என்னமோ பெரிய வீராங்கனை என்கிற நினைப்பு.

வல்லம் வடகாலில் வாடகைக்குக் குடியிருந்தோம். அம்மா ஒரகடத்தில், கார் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து கிளிப் மாட்டும் கம்பெனியில் லைனில் நின்றாள். அவளுக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது, மணிக்கட்டு வீங்கிக்கொள்ளும். அதற்காகச் சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்து வந்து ஆறு மாத்திரை விழுங்குவாள். வாரத்துக்கு அந்த ஒரு நாள்தான். மறுநாள் முழுக்கக் குமட்டும். லீவு நாளில் படுத்துக் கிடக்கலாம் என்றுதான் சனிக்கிழமையாக வைத்துக்கொண்டாள். மற்ற நாட்களுக்கு ஒரு சத்து மாத்திரை. இரண்டுமே சின்னதாக, மஞ்சளாக இருக்கும். அட்டையை அமுக்கி எடுக்க அவள் விரலுக்குத் தெம்பில்லை. அதனால் இரண்டையும் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்திலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மா சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, மாத்திரை அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, எங்க எதிர்வூட்டு அண்ணனுக்குப் புத்துநோய்க்குக் குடுத்த மாத்திரையாச்சே. ரெண்டே மாசம், போய்ச் சேர்ந்துட்டாரு. இத்தப் போயி வாராவாரம் முழுங்கிகினு கீறியே, உசுரு மேல ஆச இல்லியா?"

"சும்மா இரு அக்கா, கொழந்த காதுல வுழப் போவுது" என்றாள் அம்மா. விழுந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஏற்பாட்டை முடித்துவிட்டேன். இரண்டு டப்பாவிலும் சத்து மாத்திரையே. அந்த எமன் மாத்திரைகள் என் ஜியாமெட்ரி பாக்ஸில், பாகைமானிக்கு அடியில். மாத்திரை போட்ட மறுநாள் அம்மாவுக்குக் குமட்டவில்லை. எழுந்து கோழிக் குழம்பு வைத்தாள். "ஒடம்புக்குப் பழகிடுச்சி போலக்கீது" என்று அவளே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாறு வாரம்தான் அந்தச் சந்தோஷம். பிறகு விரல்கள் வீங்கின. கிளிப்பை அழுத்த முடியாமல் லைனில் அவளிடம் வேலை தேங்கியது. எனக்கு ஜடை பின்னும்போது பாதியில் கையை உதறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வலித்தால் வலிக்கட்டும், உயிர் இருக்கிறதே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப் போனாள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா, மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். ஒரு வாரம்கூட விட்டதில்லை என்று அம்மா சத்தியம் பண்ணினாள். அவர் நம்பவில்லை.

"கை வலிக்கு மட்டும் இல்லம்மா இது. இந்த நோயைக் கவனிக்காம விட்டா இதயம், நுரையீரல்னு உள்ளயும் போகும். நீங்க ரொம்ப வருஷம் இருக்கணும்னுதான் இந்த மாத்திரை. இஷ்டத்துக்கு நிறுத்தினா எப்படி?"

செய்யாத தப்புக்கு அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடப் பையிலிருந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து மேஜை மேல் திறந்து வைத்தேன். "நான்தான் எடுத்து வெச்சேன். எங்கம்மா சாவக் கூடாது" என்றேன். அதற்கு மேல் அழுகைதான். பெரியம்மா சொன்னதை அம்மா சொன்னதும், புற்றுநோய்க்கும் இதே மருந்துதான், ஆனால் அம்மாவுக்குத் தருவது ரொம்பக் குறைந்த அளவு, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டரம்மா.

முதுகில் நாலு வைப்பாள் என்று காத்திருந்தேன். அம்மா அந்த வீங்கிய கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "இனிமே சனிக்கிழம மாத்திரைய நீதான் உன் கையால குடுக்கணும், இன்னா?" என்றாள்.

அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு இருந்திருக்க முடியாது. டாக்டரம்மா தன் மருந்தை விட்டுக்கொடுத்தா பேசுவார்? என் மனதில் பெரியம்மா சொன்னதுதான் நின்றது. ஆறு மாத்திரையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவள் விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்திலேயே படுத்து, மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். கண்ணைத் திறக்காமலே, "கீறேன்டி" என்பாள். திங்கள் காலையில் எழுந்து எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். கொஞ்ச நாளில் ஜடையும் பழையபடி முழுசாகப் பின்னினாள்.

போன சனிக்கிழமையும் மாத்திரையை நான்தான் கொடுத்தேன். அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது, என் மகளுக்கு ஜடை பின்னுகிறாள். செய்த தப்புக்குத் தண்டனை என்றே அந்த வேலையை வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரை போட்ட மறுநாளும் அம்மா இருக்கிறாள் என்று வாராவாரம் நானே தொட்டுப் பார்த்துப் பயம் தெளியட்டும் என்றுதான் அதை என் கையில் கொடுத்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.