சிவந்த வலது கண்

என் வலது கண்ணைப் பற்றி எங்கள் வீதியில் அபிப்பிராயம் சொல்லாதவர் பாக்கியில்லை. பால்காரர் மெட்ராஸ் ஐ என்றார். எதிர்வீட்டு மாமி உஷ்ணம் என்று சொல்லி விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னாள். செல்போன்தான் காரணம் என்றாள் மருமகள். மூன்றும் தப்பு. காண்டாக்ட் லென்ஸ் போட்டால்தான் சிவந்தது, போடாவிட்டால் சிவக்கவில்லை. இதை எத்தனை பேருக்கு விளக்குவது? இந்த வயதில் கண்ணுக்குள் லென்ஸ் என்றால், சினிமாவில் சேரப் போகிறீர்களா என்கிறார்கள்.

ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டதல்ல. இடது கண் பெயருக்குத்தான் இருக்கிறது. வலது கண்ணில் புரை எடுத்தபோது உள்ளே நிரந்தர லென்ஸ் வைக்க முடியாமல் போயிற்று. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டால் படி இருப்பது ஓரிடம், கால் வைப்பது வேறிடம். கோயிலில் பெருமாள் எனக்கு விளக்குக்குப் பின்னால் ஒரு கறுப்பு மேடாகத்தான் இருந்தார். தில்லை நகர் டாக்டரம்மா லென்ஸ் போட்டுவிட்ட மறுநாள், திருமுடியிலிருந்து திருவடி வரை பார்த்தேன். அழுதேன் என்று என் மனைவி சொல்லிக்கொண்டு திரிகிறாள். லென்ஸ் உறுத்தியது, அவ்வளவுதான்.

அதன் பிறகு தினமும் கோயிலிலிருந்து திரும்பினால் எரிச்சல், சிவப்பு, நீர் வடிதல். சோப்பை மாற்றினேன். லென்ஸ் கழுவும் திரவத்தை மாற்றினேன். உள்ளங்கையில் வைத்து இருபது சுற்று எண்ணித் தேய்க்கிறேன். பத்துப் போதும் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மின்விசிறியைக்கூட நிறுத்திப் பார்த்தேன், வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள்.

மூன்றாம் முறை போனபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"சார், இனிமே சிவந்துக்கிட்டு வந்தீங்கன்னா லென்ஸையே நிறுத்திடுவேன். கருவிழியில புண்ணு வந்தா இருக்கிற பார்வையும் போயிடும். காலையில எழுந்ததுலேருந்து என்ன பண்றீங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க."

சொன்னேன். குளியல், கையைத் துடைப்பது, லென்ஸ், திருமண், கோயில், வீடு. நடுவில் என் மனைவி குறுக்கிட்டாள்.

"ஏன்னா, தீர்த்தத்த விட்டுட்டேளே."

"அது எதுக்கு இங்கே?"

"சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர்.

"தீர்த்தம் வாங்கிக் குடிச்சுட்டு, மிச்சத்தக் கண்ணுல ஒத்திப்பார். ஒத்தறதுன்னா சும்மா இல்ல, அலம்பறாப்ல."

"அதுல என்னம்மா போடுவாங்க?"

"ஏலக்காய், துளசி, பச்சைக் கற்பூரம்..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணுக்குள்ள கற்பூரத் தண்ணிய ஊத்திக்கிட்டு, சோப்பை மாத்திக்கிட்டு இருந்தீங்களா சார்?"

"ஐம்பது வருஷமா ஒத்திக்கிறேன். ஒரு நாளும் சிவந்ததில்லை."

"அப்ப உள்ள லென்ஸ் இருந்துச்சா? தண்ணியே படக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே!"

தண்ணீர் படக்கூடாது என்றுதான் சொன்னார். தீர்த்தத்தை நான் ஒரு நாளும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்ததில்லை. இதை அவரிடம் சொன்னபோது என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

ஒரு வாரம் லென்ஸ் கூடாது, சொட்டு மருந்து மட்டும். அந்த ஒரு வாரமும் மறுபடி கறுப்பு மேட்டைச் சேவித்துவிட்டு வந்தேன். தீர்த்தத்தைத் தாராளமாக ஒற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மருந்து விடுகிற கண்ணில் எதுவும் படக்கூடாதாம். அதுவும் போயிற்று.

இப்போது லென்ஸ் போட்டுக்கொள்கிறேன். திருமுகம் தெரிகிறது. ஆனால் தீர்த்தம் வாங்கியதும் கை யாரையும் கேட்காமல் வலது கண்ணுக்குப் போகிறது. பின்னால் நிற்கிற மனைவி உத்தரீயத்தைப் பிடித்து இழுக்கிறாள். முதல் நாள் இழுத்த இழுப்பில் அது அவள் கையோடு போய்விட்டது. தீர்த்தம் தருகிறவர் வட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இடது! இடது!" என்கிறாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அப்படித்தான் நடக்கிறது. சேவிப்பது ஒரு கண், தீர்த்தம் வாங்கிக்கொள்வது ஒன்றுக்கும் உதவாத இன்னொரு கண். வலது கண் வெளுத்துவிட்டது. நேற்று எதிர்வீட்டு மாமி வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "பாத்தேளா, விளக்கெண்ணெய் கேட்டுடுத்து!" என்றாள். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.